பயிற்சிக்குப் போய்வந்த தலைமையாசிரியர் மறுநாள் என்ன செய்யலாம்?

இரண்டு நாள் பயிற்சி முடிந்து பள்ளிக்குத் திரும்பும் தலைமையாசிரியருக்காக இரண்டு நாள் வேலை தேங்கிக் கிடக்கும். எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள், கையெழுத்துக்குக் காத்திருக்கும் விடுப்புக் கடிதங்கள், சத்துணவுக் கணக்கு, மோட்டார் ஓடாததால் தண்ணீர் வராத கழிப்பறை, மாற்றுச் சான்றிதழ் கேட்டு வாசலில் நிற்கும் பெற்றோர். பயிற்சியில் கொடுத்த கையேடு பீரோவுக்குள் போகும். குறிப்பெடுத்த நோட்டு ஒரு வாரம் மேசைமேல் இருந்துவிட்டு, பிறகு அதுவும் உள்ளே போய்விடும்.

இதை அக்கறைக் குறைவு என்று சொல்வது அநியாயம். பயிற்சியில் ஆர்வமாக உட்கார்ந்து கேட்டவர்தான் அவர். ‘இதை நம்ம பள்ளியிலும் செய்யணும்’ என்று மனதார நினைத்தவர்தான். நினைத்ததற்கும் நடப்பதற்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளி கல்வித் துறையில் மட்டும் உள்ளதல்ல. வங்கிக் கிளை மேலாளர், மருத்துவமனையின் செவிலியர் கண்காணிப்பாளர், தொழிற்சாலையில் ஷிப்ட் பொறுப்பாளர் என்று யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். பணியிடைப் பயிற்சிகள் மிக அதிகமாக நடக்கும் இடம் என்பதால் இங்கே பள்ளியை எடுத்துக்கொள்கிறேன்.

எவ்வளவு அதிகம் என்பதற்கு ஒரு கணக்கு. 2019 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய நிஷ்டா திட்டம், தொடக்கநிலை ஆசிரியர்களும் பள்ளித் தலைவர்களுமாக ஏறத்தாழ 42 லட்சம் பேருக்குப் பயிற்சி அளிக்க இலக்கு வைத்தது. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கத் தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்துக்குப் பருவந்தோறும் ஆசிரியர் பயிற்சி நடக்கிறது. ஆசிரியரும் பள்ளித் தலைவரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. வட்டார வளமையத்தில் ஒன்று, குறுவளமையத்தில் ஒன்று, இணையவழியில் ஒன்று என்று பயிற்சிக்குப் பஞ்சமே இல்லை. பயிற்சி முடிந்த பிறகு வரும் ஆறு வாரங்களுக்குத்தான் யாரிடமும் திட்டம் கிடையாது.

கற்றது எங்கே நின்றுபோகிறது?

‘பயிற்சியில் சொல்வதில் பத்து சதவீதம்தான் வேலைக்கு வந்து சேர்கிறது’ என்று ஒரு வரி பயிற்சி அரங்குகளில் அடிக்கடி காதில் விழும். 1982இல் ஒரு பயிற்சி இதழில் ஒருவர் தன் ஊகமாக எழுதிய வரி அது. அதற்குப் பின்னால் ஆய்வு எதுவும் இல்லை. திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டே அது உண்மையைப் போல ஆகிவிட்டது. சேதாரம் இருக்கிறது என்பது நிச்சயம். ஆனால் எத்தனை சதவீதம் என்பது பயிற்சியையும் பள்ளியையும் பொறுத்து மாறும்.

சேதாரம் எதனால் என்பதற்கு உருப்படியான பதில் 1988இல் கிடைத்தது. பால்ட்வின், ஃபோர்டு என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மூன்று விஷயங்கள் இதைத் தீர்மானிக்கின்றன என்றார்கள்: கற்பவர் எப்படிப்பட்டவர், பயிற்சி எப்படி அமைக்கப்பட்டது, திரும்பிப் போகும் பணியிடம் எப்படி இருக்கிறது. முதல் இரண்டைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ‘ஆசிரியர்களுக்கு ஆர்வமில்லை’ என்போம். ‘பயிற்சி தந்த கருத்தாளர் பிபிடியைப் படித்தே ஓட்டிவிட்டார்’ என்போம். மூன்றாவதைப் பற்றிப் பேச்சு குறைவு. ஒரு பள்ளியில் அந்த மூன்றாவது யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் தலைமையாசிரியர் கையில்தான்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான். தலைமைப் பொறுப்பில் இருப்பவர் பயிற்சியில் கற்றதை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கு நினைவாற்றலோ சொற்பொழிவோ பெரிதாக உதவாது. முதலில் தன் வேலையில் ஒன்றை மாற்ற வேண்டும். பிறகு அந்த மாற்றம் மற்றவர்களிடமும் பிழைப்பதற்கு நேரமும் இடமும் ஏற்படுத்தித் தர வேண்டும். இதில் வரிசை முக்கியம். மாற்றிச் செய்தால் பலிப்பதில்லை என்பது நான் பல பள்ளிகளில் பார்த்தது.

மூன்று நொடி: ஒரு பாடத்தை முழுதாகப் பார்ப்போம்

பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது. ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடிதான் என்று தெரிந்தது. அதற்குள் பதில் வரவில்லை என்றால் அடுத்த பிள்ளையிடம் போவார்கள், அல்லது தாங்களே சொல்லிவிடுவார்கள். இந்தக் காத்திருப்பை மூன்று நொடியாக நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. பதிலே வராத கேள்விகள் குறைந்தன. பிள்ளைகள் தாங்களாகக் கேள்வி கேட்பது கூடியது. இரண்டாவது காத்திருப்பு ஒன்றையும் ரோ கவனித்தார். பிள்ளை பதில் சொன்னதும் ‘வெரிகுட்’ என்று உடனே மூடிவிடாமல் இன்னும் மூன்று நொடி விட்டால், சொன்ன பிள்ளையே மேலும் சொல்கிறது.

இதை ஒரு தலைமையாசிரியர் பயிற்சியில் கேட்கிறார், பிடித்துப்போகிறது. வழக்கமாக அடுத்து நடப்பது என்ன? ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டி, பயிற்சியில் சொன்னதைச் சொல்வார். ‘இனிமேல் எல்லாரும் கேள்வி கேட்டா மூணு செகண்ட் வெயிட் பண்ணுங்க’ என்று முடிப்பார். கூட்டப் பதிவேட்டில் அது ஒரு தீர்மானமாக ஏறும். எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். பாடத்தின் ஆயுள் அத்தோடு முடிந்தது.

வேறு விதமாகச் செய்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். பயிற்சியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டார்: “எட்டாம் வகுப்புல அந்த நாலு பேரு ஏன் இன்னும் பின்தங்கியே இருக்காங்க?” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். அதற்கு முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு அவரே பதில் சொல்லி, அவரே தீர்வும் சொல்லிவிடுவார். அன்று அறை அமைதியாக இருந்தது. ஒருவர் பேனாவைத் திருப்பினார், ஒருவர் மேசையைப் பார்த்தார். கூட்டங்களில் வாயே திறக்காத ஒரு தற்காலிக ஆசிரியை மெல்லச் சொன்னார்: “சார், அதுல ஒரு பையனுக்கு போர்டு தெரியலன்னு நினைக்கிறேன் சார்.” தலைமையாசிரியர் தலையசைத்துவிட்டு மறுபடியும் காத்திருந்தார். ஆசிரியை தொடர்ந்தார்: “பக்கத்துப் பையன் நோட்டப் பாத்துத்தான் சார் எழுதுறான். வாயால கேட்டா பதில் சொல்றான்.”

முதல் பதிலோடு நிறுத்தியிருந்தால் இரண்டாவது தகவல் வந்திருக்காது. முதல் நொடியிலேயே அவர் பேசியிருந்தால் இரண்டுமே வந்திருக்காது. ரோ வகுப்பறையில் கண்டது கூட்ட அறையிலும் நடந்தது. பையனுக்குக் கண் பரிசோதனைக்கு ஏற்பாடாயிற்று. அங்கே இருந்த ஆசிரியர்கள் காத்திருப்பு என்றால் என்ன என்பதைப் பாடமாகக் கேட்கவில்லை. தங்கள் மீதே நடந்ததாக அனுபவித்தார்கள்.

அடுத்து அவர் செய்தது எனக்கு இன்னும் பிடித்தது. கணித ஆசிரியையிடம் போய், “டீச்சர், எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. என் ஒன்பதாம் வகுப்பு பீரியட்ல பின்னாடி உக்காந்து, நான் கேள்வி கேட்டப்புறம் எத்தன செகண்ட் விடுறேன்னு மட்டும் குறிச்சுக் குடுங்க” என்றார். தலைமையாசிரியரின் வகுப்பை ஆசிரியை கவனிப்பது அந்தப் பள்ளியில் அதுவரை நடக்காத காரியம். அவர் குறித்துக் கொடுத்த தாளில் பெரும்பாலான கேள்விகளுக்கு எதிரில் ஒன்று அல்லது இரண்டு என்றே இருந்தது. தலைமையாசிரியர் அந்தத் தாளை ஆசிரியர் அறையிலேயே எல்லாருக்கும் காட்டினார். அதற்கடுத்த வாரம் கணித ஆசிரியை, “சார், எனக்கும் ஒருக்கா குறிச்சுக் குடுங்க” என்று தாமாகவே கேட்டார்.

தலைமையில் இருப்பவர் தன்னைக் கற்பவராக வெளிப்படையாக நிறுத்திக்கொண்டால், அந்தப் பாடம் மற்றவர்களுக்கு உத்தரவாகத் தெரியாது. இதற்குச் செலவு கிடையாது, அனுமதி வாங்க வேண்டியதில்லை, சுற்றறிக்கை வேண்டியதில்லை. ஆனால் துணிச்சல் வேண்டும்.

தீர்மானத்தை நாளும் நேரமுமாக எழுதுங்கள்

‘இந்த ஆண்டு வகுப்பறைக் கவனிப்பை மேம்படுத்துவேன்’ என்பது நல்ல எண்ணம். அது நடப்பதற்கான வாய்ப்பு குறைவு. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து இதை ஆராய்ந்து வருகிறார். ‘இன்னது நடந்தால் நான் இன்னது செய்வேன்’ என்ற வடிவில் முன்கூட்டியே முடிவு செய்து வைப்பவர்கள், வெறும் குறிக்கோளோடு நிற்பவர்களைவிட அதிகமாக அதைச் செய்து முடிக்கிறார்கள் என்பது அவர் கண்டது. 94 தனித்தனிச் சோதனைகளைத் தொகுத்து 2006இல் வந்த அலசலும் இதை உறுதி செய்தது.

தலைமையாசிரியருக்கு அது இப்படி இருக்கலாம்: ‘திங்களும் வியாழனும் இரண்டாம் பாடவேளை மணி அடித்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து ஒரு வகுப்புக்குப் போவேன். அந்த நேரத்தில் யாராவது கையெழுத்துக்கு வந்தால், இடைவேளையில் வாங்க என்பேன்.’ இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். திட்டங்கள் பெரும்பாலும் கவிழ்வது அந்தக் கையெழுத்தில்தான். தடை எது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதற்கான பதிலையும் சேர்த்தே எழுதி வைத்துவிட்டால், அந்த நொடியில் புதிதாக யோசிக்க வேண்டியிருக்காது.

ஒரு பயிற்சியிலிருந்து இப்படி ஒன்றுதான் எழுத வேண்டும் என்பது என் கருத்து. நோட்டில் இருபது குறிப்பு இருக்கும். எல்லாம் நல்லதாகவும் இருக்கும். இருந்தாலும் ஒன்று.

படிவம் நிரம்பினால் போதாது

மருத்துவ உலகில் இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கான 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்டது. நோயாளி யார், எந்தப் பக்கம் அறுவை, ஒவ்வாமை உண்டா என்று சத்தமாகக் கேட்டு உறுதி செய்வது; அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் பெயரையும் பொறுப்பையும் சொல்வது; முடிந்ததும் கருவிகளையும் துணிகளையும் எண்ணுவது. டெல்லி, லண்டன், சியாட்டில், மணிலா உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் செய்து பார்த்தார்கள். 2009இல் வெளியான முடிவின்படி, அறுவைக்குப் பின் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகக் குறைந்தன.

பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், இத்தகைய பட்டியலை எந்த அளவு பயன்படுத்துகிறோம் என்று மருத்துவமனைகள் வெளிப்படையாக அறிக்கை அளிப்பதை 2010இல் கட்டாயமாக்கியது. 101 மருத்துவமனைகளை ஆராய்ந்த அறிக்கை 2014இல் வந்தது. இறப்பு 0.71 சதவீதத்திலிருந்து 0.65. புள்ளியியல்படி அதைக் குறைவு என்று சொல்ல முடியாது. பட்டியலைப் பயன்படுத்துகிறோம் என்று அந்த மருத்துவமனைகள் ஏறக்குறைய நூறு சதவீதம் அறிக்கை அளித்திருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு ஆய்வுகளும் செய்யப்பட்ட விதம் வேறு, மருத்துவமனைகளின் நிலையும் வேறு. அதனால் ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. என்றாலும் தலைமையில் இருப்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. பட்டியலின் உயிர் டிக் போடும் கட்டத்தில் இல்லை. ‘டாக்டர், ஒரு நிமிஷம்’ என்று செவிலியர் சொல்லலாம், சொன்னால் மருத்துவர் நிற்பார் என்ற நிலையில் அது இருக்கிறது. அந்த நிலையை எந்த உத்தரவாலும் உண்டாக்க முடியாது. பள்ளியிலும் வகுப்பறைக் கவனிப்புப் படிவம் ஆண்டு முழுக்க நிரம்பிக்கொண்டே இருக்கலாம். கவனித்தவரும் கவனிக்கப்பட்டவரும் உட்கார்ந்து பேசியிருக்கவே மாட்டார்கள்.

எப்படிப் பேசுவது? அன்றைக்கே பேசுங்கள், பத்து நிமிடம் போதும், ஒரே ஒரு விஷயம். ஆசிரியரின் கருத்தை முதலில் கேளுங்கள்: “டீச்சர், இன்னிக்கு எந்த இடத்துல பசங்க நல்லா ஒட்டிக்கிட்டாங்கன்னு உங்களுக்குத் தோணுச்சு?” பிறகு தீர்ப்பாக எதையும் சொல்லாமல், கண்டதை மட்டும் சொல்லுங்கள்: “நீங்க கேட்ட கேள்வியில பாதிக்கு மேல முன்னாடி ரெண்டு பெஞ்சுலேருந்துதான் பதில் வந்துச்சு. சன்னலோரம் உக்காந்திருந்த பிள்ளைங்க யாரும் பேசல.” ‘பங்கேற்பு போதவில்லை’ என்று எழுதினால் ஆசிரியர் தற்காப்புக்குப் போவார். சன்னலோரப் பிள்ளைகளைச் சொன்னால் அவர் அந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொல்ல ஆரம்பிப்பார். கடைசியாக, “அடுத்த வாரம் என்ன செஞ்சு பாக்கலாம்?” என்று கேட்டு, அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் கட்டாயம் அந்த வகுப்புக்குப் போக வேண்டும். போகாவிட்டால் முதல் பேச்சும் வீண்.

1980களில் ஜாய்ஸ், ஷவர்ஸ் இருவரும் ஆசிரியர் பயிற்சி குறித்துச் சொன்னதும் இதுவே. விளக்கிச் சொல்வதாலும் செய்து காட்டுவதாலும், பயிற்சி அரங்கிலேயே செய்து பார்ப்பதாலும்கூட வகுப்பறையில் புதிய முறை நிலைப்பது கடினம். பள்ளிக்குத் திரும்பிய பிறகு கூடவே ஒருவர் இருந்து பார்த்துப் பேசினால் நிலைக்கிறது. அந்த ஒருவர் சக ஆசிரியராகவும் இருக்கலாம். தலைமையாசிரியர் எல்லா வகுப்புக்கும் போக முடியாது. ஆனால் கால அட்டவணையில் இரண்டு ஆசிரியர்களுக்கு ஒரே நேரத்தில் ஓய்வுப் பாடவேளை விழும்படி செய்வது அவர் கையில்தான் இருக்கிறது.

எதை நிறுத்தப் போகிறீர்கள்?

புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது பழையதில் ஒன்றை எடுத்தாக வேண்டும். ஆசிரியர் கூட்டத்தில் சுற்றறிக்கைகளை வரிவரியாக வாசிப்பதை நிறுத்தி அவற்றை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், மிச்சமாகும் இருபது நிமிடத்தில் ஒரு வகுப்பறைப் பிரச்சினையைப் பேசலாம். எதையும் எடுக்காமல் சேர்த்துக்கொண்டே போனால் ஆசிரியர்கள் எதைக் கைவிடுவது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். பெரும்பாலும் புதியதுதான் போகும்.

இன்னொன்றையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரங்கள் நிலைமை முன்பைவிட மோசமாகத் தெரியும். காத்திருந்து கேட்கத் தொடங்கிய ஆசிரியர் பாடத்தில் பின்தங்குவார். காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது “போர்ஷன் முடியாது சார்” என்று வந்து நிற்பார். அவர் சொல்வது உண்மை. அந்த நேரத்தில் ‘எப்படியாவது ரெண்டையும் பாத்துக்கோங்க’ என்று சொல்லும் தலைமையாசிரியர் தானே கொண்டுவந்த மாற்றத்தைத் தானே முடித்துவைக்கிறார். எந்தப் பாடத்தைச் சுருக்கலாம், எதை வீட்டுவேலையாகத் தரலாம் என்று உட்கார்ந்து பேசி, மேலிருந்து கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பைத் தான் ஏற்க வேண்டும்.

கற்ற எல்லாவற்றையும் செய்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை மனதில் வைத்து வடிவமைத்த முறை அறுபது பேர் உள்ள வகுப்பில் அப்படியே பொருந்தாது. எது மையம், எது வடிவம் என்று பிரித்துப் பாருங்கள். மூன்று நொடிப் பாடத்தில் பிள்ளைக்கு யோசிக்க நேரம் தருவதுதான் மையம். அறுபது பேரில் நான்கு பேர்தான் கை தூக்குகிறார்கள் என்றால், ‘பதிலை ரஃப் நோட்டில் ஒரு வரி எழுதுங்க, அப்புறம் சொல்லுங்க’ என்று மாற்றிக்கொள்ளலாம். மையத்தைத் தொடவே முடியாது, நம் பள்ளியின் சிக்கலுக்கு அது விடையும் இல்லை என்றால், தெளிந்த மனதோடு ஒதுக்கி வையுங்கள்.

வேர் பிடித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் அது நடக்கிறதா என்று பாருங்கள். அறிக்கையில் ‘நடைமுறைப்படுத்தப்பட்டது’ என்று எழுதுவதைவிட இந்த ஒரு தகவல் மேல்.

மற்றவர்களைப் பயிற்சிக்கு அனுப்பும்போது

தலைமையாசிரியர் பயிற்சிக்குப் போகிறவர் மட்டுமல்ல, அனுப்புகிறவரும் அவர்தான். அனுப்பும்போது செய்ய வேண்டியது மிகக் குறைவு. போவதற்கு முந்தைய நாள் ஆசிரியரைக் கூப்பிட்டு, “நம்ம ஆறாம் வகுப்புல பெருக்கல் தகராறா இருக்கு. அங்க அதுக்கு ஏதாச்சும் கிடைக்குமான்னு பாத்துட்டு வாங்க” என்று சொல்லுங்கள். ஒரு கேள்வியோடு போகிறவர் வேறு விதமாகக் கவனிப்பார். திரும்பியதும் ‘பயிற்சி எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டால் ‘நல்லா இருந்துச்சு சார்’ என்றுதான் பதில் வரும். கடைசி நாளில் நிரப்பும் பின்னூட்டப் படிவமும் அதைத்தான் கேட்கிறது. டொனால்டு கிர்க்பேட்ரிக் 1959இல் பயிற்சியை மதிப்பிட நான்கு படிகள் வகுத்தபோது, பங்கேற்றவருக்குப் பிடித்ததா என்பதை முதல் படியாகத்தான் வைத்தார். கற்றாரா, வேலையில் மாற்றம் வந்ததா, பலன் கிடைத்ததா என்பவை அதற்கு மேல் உள்ளவை.

அதனால் கேள்வியை மாற்றுங்கள்: “எந்த வகுப்புல, எந்தப் பாடத்துல, எப்ப செஞ்சு பாக்கப் போறீங்க? நான் வந்து உக்காரட்டுமா?” அவர் ஒரு நாளைச் சொல்வார். அந்த நாளை உங்கள் டைரியில் அவர் முன்னாலேயே எழுதிக்கொண்டு, பிறகு பயிற்சிக்குப் போய்வந்ததற்கான அவருடைய சான்றைக் கோப்பில் சேருங்கள்.